உடலோம்பல் பற்றாகுமா?

அண்மையில் கோலார் தங்கவயலில் கூடிய பௌர்ணமிக் கூட்டத்திலே, திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி, அறவுரையும் முடிந்து, அன்பர்கள் ஐயம் வினவும் வேளையில் ஓர் இளைஞர் எழுந்து நின்றார். பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் கணிப்பொறியின் முன் அமர்ந்து கணக்கெழுதுபவர். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிராது. ஆயினும் முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டுதான் அவரால் எழ முடிந்தது. அவர் கேட்டது இது:

"ஐயா, இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, வயிற்றைக் குறைக்க வேண்டும், நாள்தோறும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் கூறுகின்றார். தாங்களோ உடல் நிலையற்றது என்றும், முப்பத்திரண்டு அசுத்தங்களாலானது என்றும் தியானிக்கச் சொல்கின்றீர்கள். அத்தகைய உடலுக்கென்று நாளும் ஒரு மணி நேரம் செலவிடுவது பற்று ஆகாதா? அதுவுமன்றி, நான் காலையில் நடக்கப் புறப்பட்டால் என் நைனா வருந்துகின்றார். மூன்று தலைமுறை மண்ணைக் குடைந்தது நீ உட்கார்ந்து பிழைக்கத்தானே, நீயும் ஏன் கூலிக்காரனைப் போல் வேர்வை சிந்தித் திரிகிறாய் என்கின்றார். நான் யாருக்கு என்ன விடை சொல்வது?"

கூட்டத்தில் சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. ஒரு கேள்வி தம்மத்திலிருந்து எழுந்தது. மற்றொன்று வீட்டிலிருந்து எழுந்தது. அன்று நேரமின்மையால் இரண்டொரு சொல்லில் விடை கூறி அமர்ந்துவிட்டோம். அவ்விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆதலின் இங்கே சற்று விரித்து எழுதுகின்றோம்.

தந்தையாரின் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்வோம், அதுவே கடினமானது.

தங்கவயலின் வரலாற்றை இவ்விதழின் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற நம் மூத்தோர், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்திலே வெந்து, பாறை வெடிப்பிலே சிக்கி, கல்தூசு நுரையீரலில் படிந்து மாண்டனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பிழைப்பு ரயிலில் ஏறிற்று. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறிப் பெங்களூரில் இறங்குகின்றனர், இருட்டியபின் திரும்புகின்றனர். போகும்போது இரண்டு மணி நேரத்திற்கு மேல், வரும்போதும் அவ்வளவே. இடம் கிடைத்தால் உட்கார்ந்திருக்கின்றனர். கிடைக்காத நாளில் நிற்கின்றனர். அந்த நாளே உடம்புக்கு நல்ல நாள் என்பது வேடிக்கை. இடையே எட்டு ஒன்பது மணி நேரம் அலுவலக நாற்காலி. வீடு வந்தால் உணவு, கைப்பேசி, உறக்கம். அவ்விளைஞரோடு சேர்ந்து கணக்கிட்டுப் பார்த்தோம். விழித்திருக்கும் நேரத்தில் அவர் தம் கால்களைப் பயன்படுத்துவது ஒன்றரை மணி நேரம்கூடத் தேறவில்லை.

ஆயினும் அந்த நாற்காலியை நாம் பழிக்க மாட்டோம். சதாராவில் பள்ளிச் சிறுவராயிருந்த பாபாசாகேப் அம்பேத்கர், வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்கின்மேல் தனியே அமர்ந்து படித்தார். பள்ளியைத் துப்புரவு செய்பவரும் அச்சாக்கைத் தொட மறுத்தமையால், மாலையில் அதைத் தாமே சுருட்டி எடுத்துச் சென்றார். அது பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. 2020ஆம் ஆண்டில் கடலூர் மாவட்டத்தில், மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஊராட்சித் தலைவரான சகோதரி ஒருவர் தரையில் அமர, ஏனையோர் நாற்காலிகளில் அமர்ந்திருந்த படத்தை நாடே கண்டது. நின்றுகொண்டே வேலை செய்வோர்க்கு உட்கார வசதி செய்து தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 44ஆம் பிரிவில் கூறிற்று. கடைகளில் நாள் முழுதும் நிற்கும் பெண்கள் உட்காருவதற்குக் கேரளத்தில் 2018ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டிலும்தான் சட்டம் வந்தது. உட்காருவதற்கே சட்டம் கேட்டுப் போராடிய மக்களிடம், உட்காருவது தீது என்று ஒருவன் சொன்னால், தந்தையார்க்குச் சினம் வாராமல் என்ன செய்யும்?

நாமும் மில்லில் நின்றவரே. நூற்புப் பிரிவிலே ரிங் ஃபிரேம்களின் இடையே, அறுந்த இழையை முடிந்துகொண்டு, எட்டு மணி நேரம் நடந்தோம். சட்டத்தின் 44ஆம் பிரிவு அந்தக் கொட்டகைக்குள் வந்ததில்லை. இருந்த ஒரு முக்காலியும் மேஸ்திரியினுடையது. கவிழ்த்த பாபின் பெட்டியின்மேல் ஒரு நிமிடம் சாய்ந்தால் பெயர் எழுதப்படும். அந்நாளில் நம் கெண்டைக்காலில் புடைத்த நரம்புகள் இன்றளவும் சுருண்டே கிடக்கின்றன. அக்காலத்தில் நம்மிடம் வந்து, நடை உடலுக்கு நல்லது என்று எவரேனும் போதித்திருந்தால், நாம் என்ன மறுமொழி கூறியிருப்போம் என்பதை இவ்விதழில் அச்சிட முடியாது.

ஆயினும் மில் மூடிய பின் நிகழ்ந்ததையும் கூறவேண்டும். அறவுரை கூறும் பணிக்கு வந்தோம். பாயில் அமர்ந்து நூல்களைப் படித்தோம். நாற்காலியில் அமர்ந்து பேசினோம். அன்பர் இல்லங்களில் அமர்ந்து, அவர்கள் அன்போடு தந்த சர்க்கரை மிகுந்த தேநீரை மறுக்காமல் அருந்தினோம். ஒரு நாளில் ஐந்து இல்லம் என்றால் ஐந்து குவளை. மறுத்தால் மனம் நோவார்களே என்பது நாம் நமக்குக் கூறிக்கொண்ட காரணம். எட்டு ஆண்டுகள் கழித்து, விகாரையின் இருபத்திரண்டு படிகளை ஏறி, புத்தர் திருவுருவின் முன் நின்று, மூச்சு வாங்கியதால் வந்தனையைத் தொடங்க இயலாமல் நின்றோம். பின்னால் நின்ற குழந்தைகள் நமக்காகக் காத்திருந்தனர். நடையை வெறுத்து மில்லை விட்ட கால்கள், நடையின்றியே கெட்டுப்போயிருந்தன.

இங்கேதான் தந்தையார் காணாது விட்ட ஒன்று உளது. சுரங்கத்தில் அவர் உடலை இயக்கியது கம்பெனியின் சங்கொலி. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, எவ்வளவு பளுவைத் தூக்குவது, நோயுற்ற நாளில் இறங்குவதா வேண்டாமா என்பவற்றில் ஒன்றும் அவர் கையில் இல்லை. அவருடைய மகன் காலையில் நடக்கும் நடையோ அவனே தொடங்கி, அவனே நிறுத்துவது. வினை என்பது எண்ணமே எனப் பகவன் விளக்கியதை நாம் பலமுறை எடுத்துரைத்துள்ளோம். ஒரே கால், ஒரே வேர்வை. ஆயினும் ஒன்று பிறர் ஏவலால் செய்தது, மற்றது தன் அறிவால் செய்வது. இரண்டையும் ஒன்றென எண்ணுவது, கொத்தடிமை உண்ணும் கஞ்சியையும் உபாசகன் நோன்பு முடித்து உண்ணும் கஞ்சியையும் ஒன்றென எண்ணுவதைப் போன்றது.

தசைக்கு எண்ணம் தெரியுமா, இழுத்தால் சுருங்கும், விட்டால் நீளும், அவ்வளவுதானே என்று ஓர் அன்பர் நம்மை மறித்துக் கேட்டார். நல்ல கேள்வி. தசைக்கு எண்ணம் தெரியாது. ஓய்வு தெரியும், உணவு தெரியும், தூய காற்று தெரியும். ஏவலால் உழைப்பவனுக்கு இம்மூன்றும் கிடைப்பதில்லை. பளுவான கூலிவேலை செய்வோர்க்கு, ஓய்வு நேரத்தில் விரும்பி உடற்பயிற்சி செய்வோர் அடையும் நன்மை கிட்டுவதில்லை என்று சில ஆராய்ச்சிகள் கூறுவதும் இதனோடு ஒத்திருக்கின்றது. ஆதலின், கூலிக்காரனுக்கு உடற்பயிற்சி தேவையில்லை, அவன் உடம்பு இரும்பு என்று மேசை முன் அமர்ந்தவர்கள் பேசுவது அறியாமை. அவ்விரும்பு எவ்வாறு துருவேறிற்று என்பதைத் தங்கவயலின் ஒவ்வொரு லைன் வீட்டிலும் இரவில் கேட்கும் இருமல் சொல்லும்.

உட்கார்ந்தே இருத்தல் உடலை என்ன செய்கின்றது என்பதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் 1953ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்தின் மாடி பஸ்களில் பணிபுரிந்தோரை ஆராய்ந்து வெளியிட்டார். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்கு ஓயாமல் மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரே பஸ், ஒரே தெரு, ஏறத்தாழ ஒரே வகையான குடும்பங்கள்; ஆயினும் மாரடைப்பு டிரைவர்களையே மிகுதியாகத் தாக்கிற்று. தபால் இலாகாவிலும் நடந்து கடிதம் கொடுத்தவரைவிட, உட்கார்ந்து எழுதியவர்களுக்கே அந்நோய் மிகுந்திருந்தது. அவ்வறிஞர் அத்துடன் நிற்கவில்லை. டிரைவர்களுக்குத் தைத்த சீருடைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்து, வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே அவர்கள் இடுப்பு பெருத்தவர்களாயிருந்தனர் என்பதை 1956இல் தாமே எடுத்துரைத்தார். தம் முடிவுக்கு இடையூறாகத் தோன்றுவதையும் மறைக்காமல் சொன்ன அப்பண்பு, காலாமர்க்குப் பகவன் கூறிய அறிவுரையைக் கேட்டவர் போல் நமக்குத் தோன்றுகின்றது. பின்வந்த பல ஆராய்ச்சிகள் அவருடைய அடிப்படைக் கருத்தை உறுதி செய்துள்ளன.

இதன் காரணம் நம்மவரும் எளிதில் விளங்கிக்கொள்ளத்தக்கதே. உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றது. அதை வாங்கிச் செலவழிக்கும் பெரிய கிடங்கு நம் தசைகள்; அவற்றுள்ளும் தொடையும் பின்புறமும் பெரியவை. உட்கார்ந்திருக்கும்போது அக்கிடங்கின் கதவுகள் பெரும்பாலும் சாத்தியிருக்கின்றன. எழுந்து நடக்கும்போது திறக்கின்றன. இன்சுலின் குறைவாக வேலை செய்யும் உடலிலும் இயங்கும் தசை சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். மூன்று வேளை சோறுண்டு சுரங்கத்தில் இறங்கிய பாட்டனுக்கு அச்சோறு போதவில்லை. அதே மூன்று வேளை சோற்றை உண்டு நாற்காலியில் அமரும் பேரனுக்கு அது மிகுதியாகின்றது. 2021ஆம் ஆண்டில் இந்நாட்டில் 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவு உடையவர்களாயிருந்தனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அது பணக்காரர் நோய் என்று நம் தெருவில் இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்கள், நம் தெருவிலேயே கால்விரல் எடுக்கப்பட்டவர்களை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி இளைஞரின் சொந்தக் கேள்விக்கு வருவோம். உடலைப் பேணுவது பற்று அன்றோ?

விநய பிடகத்தின் சுல்லவக்கத்தில் வைசாலி நகரத்து நிகழ்ச்சி ஒன்று உளது. அந்நகரத்து இல்லறத்தார் பிக்குகளுக்கு முறைவைத்து உயர்ந்த உணவுகளை அளித்துவந்தனர். உண்டு, அமர்ந்து, தியானித்து, பிக்குகள் உடல் கனத்து நோய் மிகுந்தவராயினர். வேறு பணியின் பொருட்டு வைசாலிக்கு வந்த மருத்துவர் ஜீவகர் அதைக் கண்ணுற்றார். பகவனிடம் சென்று, பிக்குகளுக்கு நடைபாதையும் வெந்நீர்க் குளிப்பறையும் அமைக்க அனுமதி வேண்டினார். பகவன் அனுமதித்தார்.

இதை நாம் பலமுறை படித்திருந்தும், படிகளில் மூச்சு வாங்கிய நாளுக்குப் பின்னரே இதன் பொருள் நமக்கு உறைத்தது. நல்ல உணவு, உட்கார்ந்த வேலை, கனத்த உடல், மருத்துவர் வருகை: நம் இளைஞரின் கதையேயன்றோ இது? பகவன் அப்போது, உடல் நிலையற்றது, அதை விடுங்கள் என்று ஜீவகரைத் திருப்பி அனுப்பவில்லை. முப்பத்திரண்டு பகுதிகளைத் தியானிக்கச் சொன்ன அப்பெருமானே நடைபாதையையும் அமைக்கச் சொன்னார். அத்தியானம் காமத்தையும் செருக்கையும் அறுப்பதற்கு ஏற்பட்டது. மருந்து வேளையை மறப்பதற்கு ஏற்பட்டதன்று. அங்குத்தர நிகாயத்தில் ஐந்தின் தொகுதியிலே நடையின் நன்மைகள் ஐந்து கூறப்பட்டுள்ளன: வழிப்பயணம் தாங்கும் வலிமை, முயற்சி தாங்கும் வலிமை, நோய்க் குறைவு, உண்டவை நன்கு செரித்தல், நடையில் பெற்ற மன ஒருமை நெடிது நிலைத்தல். ஐந்தில் நான்கு உடலைப் பற்றியவை என்பதை வாசகர் கருதுக. போதிகயையில் மகாபோதி ஆலயத்தின் வடபுறம் பகவன் நடந்த இடம் இன்றும் அடையாளமிட்டுக் காக்கப்படுகின்றது. அவ்விடத்தை விழுந்து வணங்குவோரில் எத்தனை பேர் அதைத் தம் தெருவில் பின்பற்றுகின்றனர்?

மிலிந்த மன்னரும் இதே ஐயத்தை நாகசேனரிடம் எழுப்பினார். துறவிகளுக்கு உடல் அருமையானதோ என்றார். அருமையன்று என்றார் நாகசேனர். பின் ஏன் அதைப் பேணுகின்றீர் என மன்னர் மடக்க, போரில் பட்ட புண்ணுக்கு மருந்திட்டுத் துணி சுற்றுகின்றோமே, புண் அருமையானது என்பதனாலா என்று நாகசேனர் திருப்பிக் கேட்டார். பற்றின்றிப் பேணுதல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கத்தை நாம் அறியோம். புண்ணைக் கட்டாமல் விடுபவன் பற்றற்றவன் ஆகான். சீழ் வைத்தபின் இரவும் பகலும் அப்புண்ணையே எண்ணிக்கொண்டிருப்பான். நீரிழிவைக் கவனியாது விட்ட உபாசகர் ஒருவர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்து, தம் சிறுநீரகத்தைத் தவிர வேறொன்றையும் சிந்திக்க இயலாதிருந்ததை நாம் நேரில் கண்டோம். அறவுரை கூறச் சென்ற நாம் ஒன்றும் கூறாது அவர் காலைப் பிடித்துவிட்டு வந்தோம்.

கோசல நாட்டுப் பசேனதி மன்னர் கதை அனைவர்க்கும் தெரியும். ஆயினும் அதில் ஒரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. மன்னர் ஒரு துரோண அளவு சோறுண்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு பகவனிடம் வந்து அமர்ந்தார். அளவறிந்து உண்பவனுக்கு நோவு குறையும், மூப்பு மெல்ல வரும் என்னும் கருத்தமைந்த பாடல் ஒன்றைப் பகவன் உரைத்தார். மன்னர் அதைச் சுதர்சனன் என்னும் இளைஞனைக் கற்கச் செய்து, தாம் உண்ணும்போதெல்லாம் கூறுமாறு பணித்து, நாளொன்றுக்கு நூறு காசு கொடுத்தார். படிப்படியாகக் குறைத்து ஒரு நாழிச் சோற்றில் வந்து நின்றார்; உடலும் இளைத்தது. இதிலுள்ள நுட்பம் யாதெனில், மன்னர் தம் மன உறுதியை நம்பவில்லை. உண்ணும் வேளையில் நினைவு தவறும் என்பதை அறிந்து, நினைவூட்ட ஓர் ஆளை அமர்த்தினார். ஒரே நாளில் குறைக்கவுமில்லை. நம்மவரில் நூறு காசு கொடுத்து ஆள் வைப்பார் இல்லை. நமக்கு நம் இளைய மகளே சுதர்சனன். இரண்டாம் முறை சோற்றுக்குக் கை நீட்டினால், "நைனா, துரோணம்!" என்கின்றாள். சினம் வருகின்றது, கையும் பின்வாங்குகின்றது.

ஒரேயடியாகப் பாய்வோர்க்குச் சோணர் கதை உண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளை. உள்ளங்காலில் மயிர் முளைக்கும் அளவு மென்மையாக வளர்ந்தவர். பிக்குவான பின் பாதம் கிழிந்து குருதி வடிய நடந்தார். யாழின் நரம்பை மிக முறுக்கினாலும் இசை வாராது, மிகத் தளர்த்தினாலும் வாராது என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்தார் பகவன். அத்துடன் செருப்பணியவும் அனுமதித்தார். சோணர் தமக்கு மட்டும் அது வேண்டாம் என்று மறுக்கவே, சங்கத்தார் அனைவர்க்கும் அனுமதி தந்தார். நீரிழிவுடையோர் வெறுங்காலோடு நடக்கலாகாது என்று மருத்துவர் கூறும்போதெல்லாம் நமக்குச் சோணர் நினைவே வரும்.

உடலோம்பல் பற்றாக மாறும் இடமும் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. இளமைச் செருக்கு, நோயின்மைச் செருக்கு, வாழ்வுச் செருக்கு என மூன்று மதங்களைப் பகவன் எடுத்துக் கூறினார். நோயின்மைச் செருக்கு இன்று உடற்பயிற்சிக் கூடங்களின் நிலைக்கண்ணாடிகளில் குடியிருக்கின்றது. மாகந்தியர் என்பார் தம் கைகால்களைத் தடவிக்காட்டி, இதுவே ஆரோக்கியம் என்று பகவனிடம் கூற, தாம் குறித்த ஆரோக்கியம் அதுவன்று எனப் பகவன் மறுத்ததை மச்சிம நிகாயத்தில் காணலாம். ஆயினும் நம் இளைஞர்களை ஒன்றுக்குமேல் நாம் கடிந்துகொள்ள மாட்டோம். நெடுங்காலம் பிறரால் இழிவாகப் பார்க்கப்பட்ட உடல், கண்ணாடியில் தன்னை ஒருமுறை மகிழ்ந்து பார்ப்பது பெரும் பாவம் அன்று. கண்ணாடியை விட்டு நகர மறப்பதே குற்றம்.

நமக்கு அதனினும் பெரிதாகத் தோன்றும் குற்றம் வேறு. வயிற்றைக் குறைக்கக் கட்டணம் செலுத்திக் கூடத்தில் இரும்பைத் தூக்கும் அன்பர், தாம் அருந்திய தேநீர்க் குவளையை மேசைமேல் விட்டுச் செல்கின்றார். அதை எடுத்துக் கழுவும் அம்மையார், பல வேளைகளில் நம் தெருவிலிருந்தே அதே ரயிலில் வந்தவர். லிஃப்டில் அவர் ஏறுவதை விரும்பாத அலுவலகங்களும் உள, வாளியோடு படியேறுகின்றார். படியேற்றம் உடலுக்கு நல்லது என்று தாளில் அச்சிட்டு ஒட்டியிருப்பவர்கள் லிஃப்டில் செல்கின்றனர். உடலுழைப்பு இழிவு, அதைச் செய்பவர் இழிந்தவர் என்னும் எண்ணத்தை நாம் 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் கைவிட்ட மதத்தோடு கைவிட்டோமா, அல்லது நாற்காலி கிடைத்ததும் திரும்ப எடுத்துக்கொண்டோமா? வயிற்றுக்கழிச்சலால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைப் பகவன் ஆனந்தரோடு சேர்ந்து தம் கையால் கழுவித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். குவளையைக் கழுவ எழுந்து செல்வது, நீர் கொண்டுவரத் தாமே நடப்பது, வீட்டைத் தாமே பெருக்குவது ஆகியவை சர்க்கரையையும் குறைக்கும். அதனினும் பழைய நோய் ஒன்றையும் சற்றுக் குறைக்கும்.

பாபாசாகேப் இரவும் பகலும் மேசை முன் அமர்ந்தே பணியாற்றினார், அவர் வழி நமக்குப் போதும் என்று கூறுவோரும் உளர். பெருமையோடு கூறுவதால் அவர்களுக்கு விடை கூற வேண்டியிருக்கின்றது. அவருக்கு நீரிழிவு இருந்தது. கால்வலி அவரை நடக்கவொட்டாமல் வருத்திற்று. தம்ம தீட்சை தந்த ஐம்பத்து மூன்றாம் நாள், 1956 டிசம்பர் 6ஆம் நாள், அறுபத்தைந்து வயதில் மறைந்தார். புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலை அச்சில் அவர் காணவில்லை. அது 1957இல் வெளிவந்தது. அவர் தம் உடலை நமக்காகச் செலவிட்டார். ஆனால் அவ்வுடல் இன்னும் பத்தாண்டு தாங்கியிருந்தால், தலைவரின்றித் தடுமாறிய அந்தப் பத்தாண்டு நமக்கு வேறு விதமாக அமைந்திருக்கக்கூடும் அன்றோ? இதை எழுதும்போது நம் கை தயங்குகின்றது, ஆயினும் எழுதுகின்றோம். அவருடைய உழைப்பைப் பின்பற்றுவோம். அவருடைய நோயை முன்மாதிரியாக்குவது மரியாதையாகாது.

செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம். வாரத்திற்கு 150 நிமிடமேனும் சற்று வேகமான நடையோ அதற்கு நிகரான இயக்கமோ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்திற்று. தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரு நாள். ரயிலில் செல்வோர்க்கு விடியலில் நேரம் இல்லை என்பதை அறிவோம். பகல் உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடக்கலாம். அதுவே சர்க்கரைக்குச் சிறந்த வேளை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கலாம். தொலைபேசியில் பேசுவதை நின்று பேசலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்தமர்வது நல்ல பயிற்சி. விகாரையில் பாயிலிருந்து அவ்வாறு எழுவது அதனினும் கடினம். கோடையில் காற்று வீசும் நாளில் சயனைடு மேட்டின் பக்கம் நடக்க வேண்டாம். அத்தூசு பாட்டனோடு போகட்டும். நெஞ்சுவலி உடையோரும், சர்க்கரைக்கு மருந்துண்போரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

மற்றொன்று. இவ்வளவையும் ஆடவரை எண்ணியே எழுதிவிட்டோம் என்பதை, படியெடுத்துத் தந்த நம் இல்லத்தார் சுட்டிக்காட்டினார். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டில் ஐந்து மணி நேரம் நிற்கும் பெண் எப்போது நடப்பாள்? கணவர் காலையில் நடந்து வியர்த்து வரும்போது அடுப்பின் முன் நிற்பவர் யார்? அவர் நடக்கும் அரை மணி நேரம் மனைவியின் உறக்கத்திலிருந்து எடுக்கப்படுகின்றதாயின், அந்நடை இரண்டாம் சீலத்தில் சேருமா என்று அவர் கேட்டார். கொடுக்கப்படாததை எடுத்தல் என்பதற்கு இவ்விளக்கத்தை நாம் எந்நூலிலும் படித்ததில்லை. ஆதலின் வாரத்தில் மூன்று நாள் காலைச் சமையல் நம்முடையதாயிற்று. உப்பு சற்று மிகுவதாகப் புகார் உளது.

அடுத்த பௌர்ணமியன்று ரயில் நிலையத்திலிருந்து விகாரைக்கு ஆட்டோவில் வாராமல் நடந்தே வருவதென்று சில அன்பர்கள் முடிவு செய்துள்ளனர். முதியோர்க்கும் மூச்சுத்திணறல் உடையோர்க்கும் வண்டி உண்டு. கேள்வி கேட்ட இளைஞர் தம் நைனாவிடம் இதைக் கூறியபோது, அவர் முதலில் ஒன்றும் பேசவில்லையாம். மறுநாள், தாமும் நடந்தே வருவதாகவும், ஆனால் தம் மூச்சுக்கு நூறடிக்கு ஒருமுறை உட்கார வேண்டும் என்றும், மடக்கு நாற்காலி ஒன்றை மகனே தோளில் தூக்கிவர வேண்டும் என்றும் சொல்லியனுப்பியிருக்கின்றார். நாற்காலி விகாரையிலேயே இருக்கின்றது. முன்னதாக வந்து பெற்றுக்கொள்ளலாம்.